மூழ்கிய ஊர் எது? டோல்னி வெஸ்டோனிட்செ: ஒரு கேள்வியும் பின்தொடர்ந்த குறிப்புகளும்

பிப்ரவரி 9 | வாசகர் கேள்வி

"உலகின் முதல் வரைபடம் செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்செ என்ற குக்கிராமத்தில் கிடைத்ததாம். மாமூத் என்ற பனியுக யானையின் தந்தத்தில் செதுக்கியதாம். பிறகு அணை கட்டி அந்த ஊரையே மூழ்கடித்துவிட்டார்களாம். உண்மைதானா? அந்தப் பக்கம் இருப்பவர் யாராவது சொல்லுங்கள்."

பிப்ரவரி 9, இரவு

மூன்று ஊர்க் கதைகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். தந்தம் கிடைத்தது பக்கத்து ஊரான பாவ்லோவில். மூழ்கியது முஷோவ். டோல்னி வெஸ்டோனிட்செ இன்றைக்கும் கரையில் உட்கார்ந்து ஒயின் விற்றுக்கொண்டிருக்கிறது. நான் பிர்னோ நகரில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தூக்கம் வருகிறது, மற்றவை நாளை.

பிப்ரவரி 10

முதலில் இடம் பிடிபட வேண்டும். தெற்கு மொராவியா, ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கம். சுற்றிலும் தட்டையான வயல்வெளி. அதன் நடுவே பாலவா என்ற சுண்ணாம்புக்கல் குன்றுத்தொடர் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கிறது. ஜுராசிக் காலக் கடலடிப் பாறை அது. உச்சியான டியெவீன் 549 மீட்டர். மலை என்று சொல்ல வாய் கூசும் உயரம்தான், ஆனால் சுற்றுப்புறம் அவ்வளவு தட்டை என்பதால் எங்கிருந்து பார்த்தாலும் அதுதான் கண்ணில் படும். அதன் வடக்குச் சரிவு முடியும் இடத்தில் டோல்னி வெஸ்டோனிட்செ. மக்கள்தொகை முந்நூறு சொச்சம். ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், சிறிய தொல்லியல் காட்சிக்கூடம், வரிசையாக ஒயின் நிலவறைகள். அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றி முடித்துவிடலாம்.

ஊரின் காலடியில் டியே ஆறு. யிஹ்லாவா, ஸ்வ்ராட்கா என்ற இரண்டு ஆறுகளும் இந்தப் பகுதியில்தான் அதில் கலக்கின்றன. மூன்று ஆற்று நீரும் சேர்ந்து மொராவா வழியாக டானூபுக்குப் போய்க் கருங்கடலில் முடிகிறது. மூன்று ஆறு கூடும் தாழ்நிலம் என்றால் வெள்ளம் சொல்லாமலே வரும். வெள்ளம் என்றால் என்றாவது ஒரு நாள் அணை வரும். வந்தது.

கவனிக்க: ஹோர்னி வெஸ்டோனிட்செ என்று இன்னொன்றும் உண்டு. ஹோர்னி மேல், டோல்னி கீழ். பஸ்ஸில் பலகையை அரைகுறையாகப் படித்து இறங்கினால் திராட்சைத் தோட்டங்கள் ஊடே நடைதான்.

பிப்ரவரி 12

தந்தம் பற்றிக் கேட்டவருக்கு. 1962-இல் பாவ்லோவ் அகழாய்வில் கிடைத்தது. அதில் வளைந்து நெளியும் கோடுகள், அடுக்கடுக்கான வளைவுகள், நடுவில் வட்டம் போன்ற ஒன்று. நெளிவது டியே ஆறு, அடுக்கு வளைவுகள் பாலவாவின் சரிவுகள், வட்டம் குடியிருப்பு என்று ஒரு விளக்கம். ஆற்றையும் குன்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்து கோட்டுருவத்தைப் பார்த்தால் மனம் நம்பத்தான் விரும்புகிறது. அதனாலேயே எனக்கு அந்த விளக்கத்தின் மீது சந்தேகம். இதே போன்ற வளைவுகள் அந்தக் காலத்துத் தந்த வேலைப்பாடுகள் பலவற்றில் வெறும் அலங்காரமாக வருகின்றன. "வரைபடமாக இருக்கலாம்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. "உலகின் முதல்" என்று தொடங்கும் வாக்கியங்களைப் பார்த்தாலே நான் ஒதுங்கிவிடுகிறேன்.

பிப்ரவரி 12, சற்றுப் பிறகு

ஆனால் "உலகின் முதல்" என்று துணிந்து பேசத்தக்க ஒன்று இதே ஊரில் இருக்கிறது. சுடுமண். நமக்குத் தெரிந்தவரை சுட்ட களிமண் உருவங்களில் மிகப் பழையவை இங்கே கிடைத்தவைதான். பானை வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே சூளை வந்துவிட்டது. சமைக்கப் பாத்திரம் செய்யத் தோன்றாதவர்களுக்குக் கரடியும் சிங்கமும் செய்து சுடத் தோன்றியிருக்கிறது.

பிப்ரவரி 15

வீனஸ் என்று அழைக்கப்படும், இங்கே கிடைத்த சுடுமண் பெண் சிலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், எழுதிவிடுகிறேன்.

மொராவிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கரேல் அப்ஸொலோன் 1924-இல் இங்கே பெரிய அளவில் தோண்டத் தொடங்கினார். குகை ஆய்வில் பெயர் பெற்ற யிந்த்ரிஹ் வாங்கெலின் பேரன். 1925 ஜூலை 13 அன்று பழைய அடுப்புச் சாம்பலுக்குள்ளிருந்து உடைந்த இரண்டு துண்டுகள் வெளிவந்தன. ஒட்டவைத்தால் ஒரு பெண் உருவம். உயரம் 11.1 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும். வயது 25,000 முதல் 30,000 ஆண்டுகள்.

படத்தில் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். தொங்கும் மார்பு, அகன்ற இடுப்பு, தொப்புள் குழி. முகத்தில் வாய் இல்லை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாய்வாக இரண்டு கீறல்கள் மட்டும். நான் பார்த்தது நகலைத்தான், மூலத்தை எப்போதாவதுதான் வெளியே வைக்கிறார்கள். நகலைத் திருப்பி முதுகைப் பாருங்கள். செய்தவர் அங்கேதான் மெனக்கெட்டிருக்கிறார். விலாப்புறச் சதை மடிப்புகளைச் சாய்கோடுகளாக இழுத்திருக்கிறார். முதுகுத்தண்டுக்கு ஒரு பள்ளம். உச்சந்தலையில் நான்கு சிறு துளைகள். இறகோ புல்லோ செருகியிருப்பார்கள் என்று ஊகம்.

2000களில் ஸ்கேன் எடுத்தபோது சிலையின் மேல் ஒரு விரல்ரேகை தெரிந்தது. 7 முதல் 15 வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையின் ரேகை. சுடுவதற்கு முன், மண் ஈரமாக இருந்தபோது பதிந்தது. உடனே "சிலையைச் செய்தது ஒரு குழந்தை" என்று செய்தி பரவியது. தொட்டது குழந்தை என்றால் செய்ததும் குழந்தை என்று ஆகிவிடுமா? காயவைத்த அப்பளத்தைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

பிப்ரவரி 15, பின்குறிப்பு

"தாய்த் தெய்வம்" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: யார் சொன்னது? பருத்த பெண் உருவம் கிடைத்தால் தெய்வம், மெலிந்த ஆண் உருவம் கிடைத்தால் வேட்டைக்காரன் என்று ஒரு நூற்றாண்டாக எழுதிவருகிறார்கள். சாம்பலில் கிடந்தது, உடைந்து கிடந்தது. இவ்வளவுதான் மண் சொல்லும் சாட்சி.

பிப்ரவரி 18

உடைந்து கிடந்தது என்று எழுதிய பிறகு அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரிலும் பாவ்லோவிலும் கிடைத்த சுடுமண் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முழுதாகக் கிடைத்தவை மிகச் சில. விலங்குத் தலைகள் தனியாக, கால்கள் தனியாக. செய்யத் தெரியாமல் உடைந்தவையா?

1989-இல் பமீலா வான்டிவர், ஓல்கா சோஃபர், பொஹுஸ்லாவ் கிளிமா, யிர்ஷி ஸ்வொபொடா ஆகிய நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். இந்த ஊர் மண் சூட்டில் எளிதில் வெடிக்காத மண். அதை வெடிக்க வைக்க வேண்டும் என்றால் ஈரத்தோடு தீயில் போட வேண்டும். எனவே வெடிக்க வேண்டும் என்றே போட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். சூளையும் குடியிருப்பின் நடுவில் இல்லை, சற்று மேலே ஒதுங்கி இருந்தது. இரவில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஈரக் கரடியைத் தீயில் எறிந்து, "டப்" என்று வெடிப்பதைப் பார்த்திருப்பார்கள். அது சடங்கா, குறி பார்ப்பதா, வெறும் விளையாட்டா என்பதில் எனக்குக் கட்சி இல்லை. ஆனால் "செய்து வைத்துக் கும்பிட்டார்கள்" என்பதைவிட "செய்து உடைத்தார்கள்" என்பது இந்தக் குப்பைக் குவியலுக்குப் பொருந்துகிறது.

வீனஸ் மட்டும் இரண்டே துண்டாகத் தப்பியிருக்கிறது. அவள் வெடிக்க மறுத்த சிலை என்றும் எடுத்துக்கொள்ளலாம்!

பிப்ரவரி 19

மண் என்ன மண் என்று கேட்டவருக்கு மிக்க நன்றி. இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான்.

லோயஸ். நம் புவியியல் பாடநூல்களில் காற்றடி வண்டல். பனியுகத்தில் வடக்கே பனிப்பாளம், தெற்கே ஆல்ப்ஸ் பனிப்பாளம், இடையே மரம் குறைந்த குளிர்வெளி. காய்ந்த ஆற்றுப் படுகைகளிலிருந்து மாவு போன்ற தூசியைக் காற்று வாரிக்கொண்டு வந்து, பாலவா தடுத்த இடத்தில் கொட்டியது. பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள் கொட்டியது. வெளிர் மஞ்சள் நிறம். விரலில் தேய்த்தால் கோதுமை மாவு போல இருக்கும், நெருடாது. உள்ளே சின்னஞ்சிறு நத்தை ஓடுகளும் சுண்ணாம்பு உருண்டைகளும் இருக்கும். செங்குத்தாக வெட்டினால் சுவர் போல நிற்கும், முட்டுக் கொடுக்க வேண்டாம். ஒயின் நிலவறைகளை இந்த ஊர்க்காரர்கள் இதிலேயே குடைந்தார்கள்.

ஊருக்கு அருகே பழைய செங்கல் சூளைக்காக மண் எடுத்த இடத்தில் ஒரு வெட்டுமுகம் இருக்கிறது. அதற்கு "யுகங்களின் நாட்காட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பட்டை என்றால் குளிர், தூசிக் காலம். கருத்த பட்டை என்றால் வெப்பம், புல்லும் மரமும் வளர்ந்த காலம். கடந்த லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட தட்பவெப்பம் அந்தச் சுவரில் வரிவரியாக நிற்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் வீனஸ் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வேன், முதலில் அந்தச் சுவர் முன் போய் நில்லுங்கள்.

பிப்ரவரி 23

எங்கே விட்டேன்? முஷோவ்.

1970களின் நடுவில் நோவே மிலீனி திட்டம் தொடங்கியது. மூன்று நீர்த்தேக்கங்கள், மொத்தம் 30 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1989-இல் முடிந்தது. வெள்ளத் தடுப்பு, பாசனம் என்று காரணம் சொன்னார்கள். ஆற்றோர ஓக் காடுகளும் பருவ வெள்ளத்தில் செழித்த புல்வெளிகளும் போயின. முஷோவ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். புனித லியனார்ட் தேவாலயம் இப்போது நடுத்தேக்கத்தில் ஒரு தீவின் மேல் தன்னந்தனியாக நிற்கிறது. பிர்னோவிலிருந்து வியன்னா போகும் சாலை தேக்கத்தின் மேலேயே போவதால் பஸ்ஸில் போகும் எவருக்கும் அது தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் படம் எடுப்பார்கள். தினமும் போகிறவர்கள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

முஷோவ் சாதாரண ஊர் அல்ல. ரோமப் பேரரசன் மார்க்குஸ் அவுரேலியுஸ் காலத்தில், மார்க்கோமானி என்ற ஜெர்மானிய இனத்தாரோடு நடந்த போரில் ரோமானியப் படை டானூபைக் கடந்து இவ்வளவு தூரம் வந்து, முஷோவ் பக்கத்துக் குன்றில் கோட்டை கட்டியது. பத்தாம் படையணியின் முத்திரை பதித்த ஓடுகள் கிடைத்தன. 1988-இல், அணை வேலையும் முடியும் தறுவாயில், அருகே ஒரு ஜெர்மானியத் தலைவனின் கல்லறை வெளிப்பட்டது. ரோமானிய வெண்கலப் பாத்திரங்களோடு புதைத்திருந்தார்கள். ரோமை எதிர்த்தவனா, ரோமிடம் பரிசு வாங்கியவனா? இரண்டுமாக இருந்திருப்பான்.

பிப்ரவரி 24

"அணை அழித்தது, அவ்வளவுதான்" என்று கோபப்பட்டவருக்கு. கோபம் நியாயம். ஆனால் அணைக்கரைக்கு மண் வேண்டும். வெஸ்டோனிட்செ சரிவிலிருந்து லோயஸை வெட்டி எடுத்தார்கள். இயந்திரங்களுக்கு முன்னால் தொல்லியலாளர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓடியபோதுதான் 1986-இல் மூவர் புதைகுழி கிடைத்தது.

மூன்று இளைஞர்கள், பக்கம் பக்கமாக. தலைகளில் செங்காவிப் பொடி. நடுவில் இருந்தவரின் எலும்புகள் பிறவியிலேயே கோணலானவை. இடப்பக்கத்தவரின் கைகள் நடுவில் இருப்பவரின் இடுப்பை நோக்கி நீண்டிருந்தன. இந்தக் காட்சியை வைத்து எவ்வளவு கதை கட்டினார்கள்! நடுவில் இருப்பது பெண், பிரசவத்தில் இறந்தவள், பக்கத்தில் இருப்பவர்கள் கணவனும் மருத்துவனும் என்றுகூட ஒரு கதை. 2016-இல் மரபணு ஆய்வு முடிவு வந்தது. மூவரும் ஆண்கள். முப்பது வருடக் கதை ஒரே கட்டுரையில் முடிந்தது.

பிப்ரவரி 24, இன்னொன்று

இதே சூட்டில் 1949-இல் கிடைத்த பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுமார் நாற்பது வயது. உடலை மடக்கிப் புதைத்து, மேலே மாமூத்தின் இரண்டு தோள்பட்டை எலும்புகளைக் கூரை போல வைத்திருந்தார்கள். கையருகே ஒரு நரியின் எலும்புகள். முகத்தின் இடப்பக்கத் தாடை எலும்பில் பழைய சேதம், முகம் ஒருபக்கம் இழுத்திருக்க வேண்டும். அதே இடத்தில் தந்தத்தில் செதுக்கிய ஒரு முகமும் கிடைத்தது, அதிலும் வாய் கோணல். எனவே அது அவளுடைய உருவப்படம் என்கிறார்கள்.

இதை முதலில் படித்தபோது உடனே நம்பினேன். இப்போது பாதி நம்பிக்கைதான். சின்னத் தந்தத் துண்டில் கல் கத்தி சற்று வழுக்கினாலே வாய் கோணிவிடும். ஆனாலும் மாமூத் எலும்பை நகர்த்தி மூடும் அளவுக்கு அவளுக்கு மரியாதை இருந்தது என்பது கோட்பாடு அல்ல, எலும்பே சொல்லும் செய்தி.

மார்ச் 2

"அந்த மக்களின் வாரிசுகள்தான் இன்றைய கிராமத்தார்" என்று ஒருவர் உருக்கமாக எழுதியிருக்கிறார். இல்லை. முப்பதாயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டாம், எண்பது ஆண்டு போதும்.

1945 வரை இந்த ஊரில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள். ஊருக்கு உன்டர்விஸ்டெர்னிட்ஸ் என்று பெயர். ஒயின் செய்த குடும்பங்கள். 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பகுதி ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. அப்ஸொலோனின் அகழாய்வு இடம் ஒரே இரவில் வேறு நாடாகிவிட்டது. எஸ்.எஸ். என்ற நாஜி அமைப்பின் ஆய்வுப் பிரிவு வந்து தோண்டியது. பனியுக மக்களிடம் ஆரிய முன்னோரைத் தேடினார்களாம். போர் முடிவில், 1945 ஏப்ரலில், அருகிலுள்ள மிக்குலோவ் கோட்டை எரிந்தது. பாதுகாப்புக்காக அங்கே வைத்திருந்த மொராவியத் தொல்பொருட்களில் ஏராளமானவை சாம்பலாயின. ப்ஷெட்மோஸ்டி என்ற மொராவிய ஊரில் கிடைத்த பனியுக எலும்புக்கூடுகள் போனது அதில்தான். வீனஸ் பிழைத்தது.

பிறகு ஜெர்மன் பேசியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அதே வீடுகளில் குடியேறி, அதே நிலவறைகளில் ஒயின் செய்தார்கள். ஹிட்லரை ஆதரித்தவர்களும் இருந்தார்கள், ஆதரிக்காதவர்களும் இருந்தார்கள், தொட்டில் குழந்தைகளும் இருந்தார்கள். வண்டி ஏறும்போது பெரும்பாலும் பிரித்துப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஜெர்மன் பெயர்கள் செதுக்கிய கற்களைப் பார்க்கலாம்.

வந்தவர் போனவர் எவரும் எவருக்கும் வாரிசு இல்லை. மாமூத் வேட்டைக்காரன், ரோமானியச் சிப்பாய், ஜெர்மன் ஒயின்காரர், இப்போது இருப்பவர். எல்லோரும் ஒரே மஞ்சள் மண்ணைத்தான் தோண்டினார்கள். எனக்கு இந்த ஊரில் பிடித்தது அதுதான், இரத்த உறவுக் கதை வேண்டியதில்லை.

மார்ச் 3

பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு எதிர்வாதம் வந்திருக்கிறது: நாஜி எதிர்ப்பாளர்களுக்கும் கலப்புத் திருமணக் குடும்பங்களுக்கும் விலக்கு இருந்தது என்று. சட்டத்தில் இருந்தது, சரி. அதனால்தான் "பெரும்பாலும்" என்று எழுதினேன். இதற்கு மேல் இந்த இழையில் அந்தச் சண்டை வேண்டாம்.

மார்ச் 8

நேற்று வெயில் நன்றாக இருந்ததால் மீண்டும் போய்வந்தேன். மறுகரை ஊரான ஸ்ட்ராஹொட்டினிலிருந்து வெஸ்டோனிட்செக்கு அணைக்கரை மேலேயே சாலை. இடப்பக்கம் ஒரு தேக்கம், வலப்பக்கம் ஒரு தேக்கம், எதிரே பாலவா. காற்று ஆளைத் தள்ளியது. பனியுகத்துத் தூசியும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

பாவ்லோவில் 2016-இல் திறந்த தொல்லியல் அருங்காட்சியகம் ஊர்க்கோடியில் தரைக்கடியில் இருக்கிறது. வெளியே வெள்ளைக் கான்கிரீட் முனைகள் மட்டும் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே மாமூத் எலும்புக் குவியலைக் கிடைத்த இடத்திலேயே, கிடைத்தபடியே காட்டுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்திருந்தது. எலும்பைப் பார்த்த ஒரு பையன் ஆசிரியையிடம் "இவ்வளவையும் சாப்பிட்டார்களா?" என்று கேட்டான். அறிஞர்கள் பல்லாண்டு வாதிட்ட கேள்வி அது. வேட்டையாடிக் குவித்ததா, செத்துக் கிடந்தவற்றை இழுத்து வந்ததா? நரி, முயல், ஓநாய் எலும்புகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன. சுடுமண் துண்டுகளில் நெய்த நாரின் தடங்கள் பதிந்திருப்பதை சோஃபரும் ஜேம்ஸ் அடோவாசியோவும் கண்டுபிடித்தார்கள். அந்தத் தடங்களைப் பார்த்து, சிறு விலங்குகளை வலை போட்டுப் பிடித்திருப்பார்கள் என்கிறார்கள். ஈட்டியோடு மாமூத் முன் நிற்கும் வீரன் படம் அழகுதான். ஆனால் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து வலையை விரித்து முயல் விரட்டியதுதான் அன்றாடச் சோறு போட்டிருக்கும்.

மார்ச் 8, இரவு

கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வரி:

தீவுத் தேவாலயத்துக்குப் படகில் போக முடியாது. நடுத்தேக்கம் பறவைகளுக்கான காப்பகம். 1990களில் நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள், மீண்டும் உயர்த்துவது பற்றி விவசாயிகளுக்கும் பறவை ஆர்வலர்களுக்கும் இழுபறி நடந்தது.

பாவ்லோவுக்கு மேலே தெரியும் இடிந்த கோட்டை டியெவிச்கி. முப்பதாண்டுப் போரில் 1645-இல் ஸ்வீடன் படை கைவைத்தது.

ஆகஸ்டில் குளிக்கப் போகாதீர்கள், தண்ணீர் பச்சைப் பாசி பூத்துக் கிடக்கும்.

மார்ச் 11

ஒயின் பற்றிக் கடைசியாக. பாலவா என்ற பெயரில் விற்கும் வெள்ளை ஒயின் பழங்கால இரகம் என்று கடைக்காரர் சொன்னாராம். இல்லை. ட்ராமின், முல்லர் துர்காவ் என்ற இரண்டு திராட்சை இரகங்களை இணைத்து யோசெஃப் வெவெர்கா என்பவர் உருவாக்கிய இரகம் அது, 1977-இல்தான் பதிவானது. முஷோவ் காலியாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். ரோஜா வாசம் அடிக்கும், இனிப்பு தூக்கல். எனக்கு அதைவிட ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் ரிஸ்லிங் வ்லாஷ்ஸ்கி பிடிக்கும், புளிப்பும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி இருக்கும். புட்டியின் சீட்டில் வீனஸ் படம் இருந்தால் விலை கூடும், ஒயின் அதேதான்.